வெளியுலகம் எங்கே இருக்கிறது? – ஒரு ஜெர்மன் பேராசிரியரின் கதை

சென்ற வருஷம் எனக்கு வலது கண்ணில் காடராக்ட் ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்த மறுநாள் வீட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். இருபது வருஷமாகப் பார்த்துவரும் அதே சுவர். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சுண்ணாம்பில் ஒரு துளி நீலம் கலந்து அடித்தாற்போல் பளிச்சென்ற வெள்ளை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பழைய பஞ்சாங்கக் காகிதம்போல் பழுப்பு. நாகபுரியில் எங்கள் பகுதியில் ஓய்வு பெற்றவர்கள் ஆறேழு பேர் தினமும் காலையில் சேர்ந்து நடப்பது வழக்கம். அவர்களிடம் இதைச் சொன்னேன். ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்த பாலக்காட்டு நண்பர் சட்டென்று, "அப்போ சுவரோட நிஜ நிறம் எது ஸார்? பார்க்கறதுக்கு யாருமே இல்லேன்னா அது என்ன நிறம்?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் பாங்கில் மானேஜராக இருந்த இன்னொருவர், "எல்லாம் மாயை, விடும் ஓய்" என்று முடித்துவிட்டார். பேச்சு பென்ஷன் அரியர்ஸுக்குப் போய்விட்டது.

நம்மவர்களிடம் இது ஒரு சௌகரியம். கஷ்டமான கேள்வி வந்தால் "மாயை" என்று சொல்லிவிட்டுக் காபி சாப்பிடப் போகலாம். ஆனால் பாலக்காட்டு நண்பரின் கேள்வி அவ்வளவு சுலபமாக விடக்கூடியதல்ல. அந்தக் கேள்விக்காகவே ஐம்பது வருஷம் தினமும் எழுதி எழுதிப் பார்த்த ஒருவர் இருந்தார். பெயர் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல். தத்துவத்துக்கு வருமுன் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் ஆரம்பித்து வைத்த துறைக்கு ஃபினாமினாலஜி என்று பெயர். தமிழில் சிலர் நிகழ்வியல் என்றும் சிலர் தோற்றவியல் என்றும் சொல்கிறார்கள். தோற்றவியல் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பொருள்கள் நமக்கு எப்படித் தோன்றுகின்றன என்பதை ஒழுங்காக விசாரிப்பதுதான் அந்தத் துறையின் வேலை. நான் தத்துவம் முறையாகப் படித்தவனல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டத்தோடு மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, ஓய்வு பெற்ற பிறகு கையில் கிடைத்ததைப் படித்துக்கொண்டிருப்பவன். தவறு இருந்தால் விஷயம் தெரிந்த அன்பர்கள் திருத்தவேண்டும்.

முதலில் சிக்கல் எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம். 1623-ல் கலிலியோ எழுதிய ஒரு நூலில், நிறம், ருசி, மணம் இவையெல்லாம் பொருளில் இல்லை, உணர்கிறவனிடம்தான் இருக்கின்றன என்றார். வடிவம், எண்ணிக்கை, இயக்கம் ஆகிய அளக்கக்கூடியவை மட்டுமே பொருளுக்குச் சொந்தம். பதினெட்டு வருஷம் கழித்து டேகார்ட் ஒரு படி மேலே போய், என் எண்ணம் நிச்சயம், வெளியுலகம் நிச்சயமா என்று கேட்டார். அன்றிலிருந்து மேல்நாட்டில் மனம் என்பது ஜன்னலில்லாத ஒரு அறை மாதிரி ஆகிவிட்டது. உள்ளே சில படங்கள் மாட்டியிருக்கின்றன. அந்தப் படங்கள் வெளியே இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று வெளியே போய்ப் பார்க்க வழியில்லை.

நாங்கள் படித்ததும் இதுதான். திருச்சியில் 1968-ல் பௌதிகப் பரிசோதனைக் கூடத்தில் சோடியம் விளக்கின் முன் ஸ்பெக்ட்ராமீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு கோடுகளைத் தேடுவோம். ஒன்று 5890 ஆங்ஸ்ட்ராம், மற்றது 5896. ரெகார்டு நோட்டில் எண்ணை எழுதிவிட்டால் மார்க். மஞ்சள் எங்கே என்று எந்த டெமான்ஸ்ட்ரேட்டரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை. எண் வெளியே, மஞ்சள் உள்ளே என்று தீர்த்துக்கொண்டோம். "உள்ளே" என்றால் எங்கே என்பதுதான் ஹுஸ்ஸர்லின் கேள்வி.

அவர் 1859-ல் மொராவியாவில் ப்ராஸ்னிட்ஸ் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய சாம்ராஜ்யம், இப்போது செக் குடியரசு. லைப்சிக்கில் வானசாஸ்திரமும் கணிதமும், பெர்லினில் வையர்ஸ்ட்ராஸிடம் கணிதமும் படித்து, 1883-ல் வியன்னாவில் டாக்டர் பட்டம் பெற்றார். கால்குலஸ் படித்தவர்களுக்கு வையர்ஸ்ட்ராஸ் பெயர் தெரிந்திருக்கும். சிறிது காலம் அவரிடமே உதவியாளராகவும் இருந்தார். ஹுஸ்ஸர்ல் சிறுவனாக இருந்தபோது ஒரு பேனாக்கத்தி பரிசாகக் கிடைத்ததாம். இன்னும் கூர், இன்னும் கூர் என்று தீட்டிக்கொண்டே போய்க் கடைசியில் அலகே மிஞ்சவில்லை. வயதான காலத்தில் அவரே இதைச் சற்று வருத்தத்தோடு சொல்வாராம். அந்தச் சுபாவம் அவரை விடவே இல்லை.

லைப்சிக்கில் அவருக்கு ஒரு மூத்த நண்பர் கிடைத்தார். அவரும் மொராவியாக்காரர், பெயர் மசாரிக். பின்னாளில் 1918-ல் செக்கோஸ்லோவாகியாவின் முதல் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். ப்ரென்டானோ என்பவரின் வகுப்புக்குப் போய்ப் பார் என்று ஹுஸ்ஸர்லிடம் சொன்னவர் அவர். ப்ரென்டானோ கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்து 1873-ல் அங்கியைக் கழற்றியவர். 1874-ல் வெளிவந்த அவருடைய மனவியல் நூல் பெயர் பெற்றது. இளவயதில் ஃப்ராய்டும் அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். ப்ரென்டானோ எடுத்துச் சொன்ன ஒரு விஷயம் நமக்குப் புதிதல்ல. ஆசை என்றால் எதன்மேலோ ஆசை. பயம் என்றால் எதைக் கண்டோ பயம். பார்ப்பது என்றால் எதையோ பார்ப்பது. விஷயமில்லாத மனச்செயல் கிடையாது. நம் நையாயிகர்கள் ஞானம் என்பது எப்போதும் ஸவிஷயகம் என்று சொன்னதும் இதுவே. ஹுஸ்ஸர்ல் 1884 முதல் இரண்டு வருஷம் அந்த வகுப்பைக் கேட்டார். கணிதத்தை விட்டார்.

இதில் அவர் சேர்த்தது என்ன? ப்ரென்டானோ அந்த விஷயம் மனத்துக்குள் இருப்பதாகவே பேசினார். ஹுஸ்ஸர்ல், இல்லை, நான் சுவரைப் பார்க்கும்போது என்னுள் இருக்கும் சுவர்ப் படத்தைப் பார்ப்பதில்லை, சுவரையே பார்க்கிறேன் என்றார். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது. 1900, 1901 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்த 'தர்க்க விசாரணைகள்' என்ற நூலில் இதை நிறுவ அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் பக்கம் வேண்டியிருந்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் என் தகப்பனார் காலத்துப் பித்தளைக் கூஜா ஒன்று இருக்கிறது. ரயில் பிரயாணத்தில் ஜலம் கொண்டுபோன கூஜா. அலமாரியில் அதை நான் எப்போது பார்த்தாலும் ஒரு பக்கம்தான் தெரிகிறது. கண்ணில் படுவது ஒரு வளைந்த மஞ்சள் பரப்பு மட்டுமே. ஆனால் நான் "அரைக் கூஜா" என்று நினைப்பதில்லை. பின்பக்கம், அடிப்பாகம், உள்ளே ஈயம் பூசிய வெண்மை எல்லாம் அந்தப் பார்வையிலேயே சேர்ந்து வருகின்றன. சுற்றிவந்தால் அவை ஒவ்வொன்றாக முன்னே வரும், முன்னே இருந்தவை பின்னே போகும், கூஜா ஒன்றாகவே இருக்கும். முழுக் கூஜாவும் ஒரே சமயத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அது நம் கண்ணின் குறையல்ல. பக்கம் பக்கமாகத் தோன்றுவதுதான் வெளியே இருக்கும் பொருளின் இலக்கணம் என்றார் ஹுஸ்ஸர்ல். வலி அப்படித் தோன்றுவதில்லை. முழங்கால் வலிக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. வெளி, உள் என்ற வித்தியாசத்தை அறைக்குள், அறைக்கு வெளியே என்று இடத்தை வைத்துச் சொல்லாமல், தோன்றும் விதத்தை வைத்தே சொல்லிவிட்டார். என் சுவர் விஷயமும் இப்படித்தான். வெள்ளையும் பழுப்பும் இரண்டு சுவர்களல்ல, ஒரே சுவரின் இரண்டு தோற்றங்கள். ஒரே சுவர் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் நிஜமான ஆச்சரியம். பாலக்காட்டு நண்பர் கேட்டிருக்கவேண்டியது அதைத்தான்.

இன்னொரு உதாரணம் அவருடையதே. சங்கீதம். 1905-ல் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் காலத்தைப்பற்றி அவர் நிகழ்த்திய வகுப்புகளில் ஒரு மெட்டைக் கேட்பது எப்படி என்று விசாரித்தார். அவர் மனத்தில் இருந்தது ஐரோப்பிய சங்கீதம். நாம் தோடி ஆலாபனை என்று வைத்துக்கொள்வோம். வித்வான் காந்தாரத்தில் நின்று அசைத்து மத்யமம் தொட்டுப் பஞ்சமத்துக்கு வருகிறார். பஞ்சமம் ஒலிக்கும்போது காந்தாரம் ஒலிக்கவில்லை. அது போயே போய்விட்டது. ஆனாலும் போகவில்லை. போயிருந்தால் நம் காதில் விழுவது தனிப் பஞ்சமம், தோடியல்ல. சரி, காந்தாரம் ஞாபகத்தில் இருக்கிறது என்று சொல்லலாமா? போன மார்கழியில் கேட்ட கச்சேரியை இன்று நினைத்துப் பார்ப்பது ஞாபகம். இது அதுவல்ல. இப்போது என்பதோடு ஒட்டிக்கொண்டு, வால்போல் நீண்டிருப்பது. அதேபோல் அடுத்து வரப்போகும் பிடியை நாம் முன்னாலேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் வித்வான் எதிர்பாராத இடத்தில் திரும்பும்போது சபையில் "ஆஹா" எழுகிறது. நிகழ்காலம் ஒரு புள்ளியல்ல, பின்னும் முன்னும் அகலமுள்ளது. தாளம் போடுகிற எந்த மாமிக்கும் இது தெரியும் என்றாலும், எடுத்துச் சொல்ல ஒரு கணிதக்காரர் வேண்டியிருந்தது.

1907-ல் ஐந்து சொற்பொழிவுகளிலும், 1913-ல் வந்த பெரிய நூலிலும் அவர் தன் முறையை வகுத்துச் சொன்னார். வெளியுலகம் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, அது எப்படித் தோன்றுகிறது என்று மட்டும் பார் என்பதே அந்த முறை. கணிதக்காரரின் அடைப்புக்குறி. இதைப் பலர் இன்றும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆபீஸில் ஒரு ஃபைலை நிராகரிப்பது வேறு, முடிவை நிலுவையில் வைத்துக் காகிதங்களை முழுக்கப் படிப்பது வேறு. ஹுஸ்ஸர்ல் உலகத்தை நிராகரிக்கவில்லை. ஆனால் நிலுவையில் வைத்த ஃபைல் நாளடைவில் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். உலகத்தின் அர்த்தமெல்லாம் சைதன்யத்திலிருந்தே வருகிறது என்று அவர் மேலும் மேலும் சாய்ந்தார். ரைனாக், எடித் ஸ்டைன், இங்கார்டன் போன்ற கோட்டிங்கன் மாணவர்களே அந்தத் திருப்பத்தில் கூட வரவில்லை. என் சிறிய அபிப்பிராயம், மாணவர்கள் பக்கமே நியாயம் அதிகம்.

இங்கே நம் வீட்டுச் சரக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பிரம்மசூத்ர பாஷ்யத்தில், இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில், ஞானம் மட்டுமே உண்டு, வெளிப்பொருள் இல்லை என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளுக்கு ஸ்ரீ சங்கரர் பதில் சொல்கிறார். தூணைப் பார்க்கிறவன் எவனும் "நான் ஓர் அறிவைப் பார்க்கிறேன்" என்று உணர்வதில்லை, தூணையே பார்ப்பதாக உணர்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். வெளியே இருப்பதுபோல் தோன்றுகிறது என்று எதிராளி சொன்னாலும், வெளி என்று ஒன்று தெரிந்திருந்தால்தானே அந்த "போல்" வரும் என்று கேட்கிறார். அடுத்த சூத்திரத்தில், ஸ்வப்னம் வேறு, விழிப்பு வேறு என்றும் பிரித்துக் காட்டுகிறார். "எல்லாம் மாயை, விடும் ஓய்" என்ற வாக்கியம் சங்கரருடையதல்ல. அவர் பெயரைச் சொல்லி நாம் சோம்பேறித்தனத்தை மறைத்துக்கொள்கிறோம். அத்வைதத்தில் பரமார்த்த நிலை வேறு; அங்கே சித் எந்த விஷயத்தையும் சார்ந்ததல்ல. ஹுஸ்ஸர்லும் அத்வைதமும் பிரிகிற இடம் அதுதான். ஆனால் விவகார உலகத்தில் கூஜா கூஜாதான்.

தஞ்சாவூர் ஜில்லா கண்டரமாணிக்கத்தைச் சேர்ந்த தர்மராஜ அத்வரி 17-ஆம் நூற்றாண்டில் வேதாந்த பரிபாஷை எழுதினார். நாம் பார்ப்பது எப்படி என்பதற்கு அவர் தரும் உவமை காவிரிக் கரைக்காரருடையது. குளத்து ஜலம் மதகு வழியாக வாய்க்காலில் ஓடி வயலில் புகுந்து, பாத்தி சதுரமாக இருந்தால் சதுரமாகவும் வேறு வடிவானால் அந்த வடிவாகவும் நிற்கிறது. அதுபோல அந்தக்கரணம் கண் வழியாக வெளியே போய்ப் பொருளின் வடிவை எடுக்கிறது. ஒளியியல் படித்தவனுக்கு இது ஒப்புக்கொள்ள முடியாதது. வெளிச்சம்தான் கண்ணுக்குள் வருகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். இவர்கள் மனத்தை மூடிய அறையாக ஒருபோதும் நினைக்கவில்லை. டேகார்ட் மாட்டிக்கொண்ட சிக்கலில் இவர்கள் மாட்டிக்கொள்ளவே இல்லை.

இனி கதைக்கு வருகிறேன். 1916-ல் ஹுஸ்ஸர்லின் இளைய மகன் வுல்ஃப்காங் வெர்டூன் போர்க்களத்தில் இறந்தான். மூத்தவனும் போரில் பலத்த காயமடைந்தவன். அதே வருஷம் ஹுஸ்ஸர்ல் ஃப்ரைபர்க் சர்வகலாசாலைக்கு மாறினார். அங்கே முதலில் எடித் ஸ்டைன் உதவியாளராக இருந்து அவருடைய குறிப்புக்களை ஒழுங்கு செய்தார். பிறகு வந்த உதவியாளர் மார்ட்டின் ஹைடெக்கர். ஹைடெக்கர் 1927-ல் வெளியிட்ட பெரிய நூலை ஹுஸ்ஸர்லுக்கே சமர்ப்பணம் செய்தார். உலகத்தை ஓரமாக நின்று பார்க்கும் பார்வையாளன் அல்ல மனிதன், முதலிலிருந்தே உலகத்தில் புழங்குகிறவன் என்று அந்த நூல் குருவை மறுத்தது. அது நியாயமான மறுப்பு. 1928-ல் ஹுஸ்ஸர்ல் ஓய்வு பெற்றபோது அவர் விருப்பப்படியே ஹைடெக்கர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

1933 ஏப்ரலில், ஹிட்லர் பதவிக்கு வந்த மூன்றாம் மாதம், பாடன் மாநில அரசு யூத வம்சத்து அரசு ஊழியர்கள் அனைவரையும் கட்டாய விடுப்பில் அனுப்பியது. ஹுஸ்ஸர்ல் 1886-லேயே ஞானஸ்நானம் பெற்று லூதரன் கிறிஸ்தவராகிவிட்டவர். அது எடுபடவில்லை. நானும் பென்ஷன் வாங்குகிறவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு மனம் நின்றுவிடுகிறது. ஓய்வு பெற்று ஐந்து வருஷமான 74 வயதுக் கிழவருக்கு, ஒரு மகனை அந்த நாட்டுக்காகப் பலி கொடுத்தவருக்கு, "நீர் விடுப்பில் அனுப்பப்படுகிறீர்" என்று ஓர் ஆணை. எந்த வேலையிலிருந்து விடுப்பு? சில மாதங்களில் அந்த ஆணை ரத்தாயிற்று. ஆனால் வேறு ஆணைகள் வந்தன. பாடம் சொல்லும் உரிமை போயிற்று, பிரஜா உரிமை போயிற்று. 1937-ல் பாரிஸில் நடந்த தத்துவ மகாநாட்டுக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை.

ஹைடெக்கர்தான் அந்த விடுப்பு ஆணையைப் போட்டார் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. ஆணை ஏப்ரல் 6. ஹைடெக்கர் சர்வகலாசாலைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏப்ரல் 21. செய்யாததை அவர் தலையில் கட்டவேண்டாம், செய்தவையே போதும். மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1941 பதிப்பில் சமர்ப்பணப் பக்கத்தை எடுத்துவிட்டார். குருவின் சவ அடக்கத்துக்கும் வரவில்லை. 1966-ல் ஒரு பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் இந்தக் கடைசி விஷயத்தை மனித பலவீனம் என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பேட்டி அவர் காலமான பிறகே, 1976-ல், வெளிவந்தது.

சொந்த நாட்டில் பேசமுடியாத ஹுஸ்ஸர்ல் 1935 மே மாதம் வியன்னாவிலும் நவம்பரில் ப்ராகிலும் பேசினார். விஞ்ஞானம் எங்கிருந்து கிளம்பியதோ அந்த அன்றாட உலகத்தை மறந்துவிட்டது, கலிலியோ மாட்டிவிட்ட கணிதச் சட்டையையே உடம்பு என்று நினைக்கிறது என்பது அவர் குறை. சோடியம் கோடுகளை எண்ணாக்கி மார்க் வாங்கிய எனக்கு அது உறைக்கிறது. ஸ்பெக்ட்ராமீட்டரின் முள்ளைப் படிக்கவும் முதலில் கண் வேண்டும், வெளிச்சம் வேண்டும், பக்கத்தில் சரிபார்க்க ஒரு சகமாணவன் வேண்டும். அந்த நூலின் முதல் பகுதிகளை ஜெர்மனியில் அச்சிட வழியில்லாமல் பெல்கிரேடில் ஒரு பத்திரிகையில் 1936-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் அதே வியன்னாப் பேச்சில் நமக்கு வருத்தம் தருவதும் இருக்கிறது. இந்தியாவிலும் சீனாவிலும் உள்ளவற்றைத் தத்துவம் என்று கிரேக்கத் தத்துவத்தோடு சமமாக வைப்பது தவறு, அவை வாழ்க்கைப் பயனை நோக்கியவை, அறிவை அறிவுக்காகவே தேடுவது கிரேக்கர்களிடம் மட்டுமே பிறந்தது என்ற பொருள்படப் பேசினார். இத்தனைக்கும் 1925-ல் புத்தரின் உபதேசங்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு உருகி மதிப்புரை எழுதியவர். நியாய சாஸ்திரம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பிறப்பை வைத்து மனிதனைத் தள்ளுகிறவர்களால் தள்ளப்பட்ட ஒருவர், தானும் ஒரு கதவைச் சாத்தினார். இதை நாம் சொல்லும்போது நம் பக்கத்துக் கதவுகளையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

இதற்குச் சண்டை போடாமல் பதில் சொன்னவர் ஒருவர் உண்டு. கட்டக்கில் 1928-ல் பிறந்த ஜிதேந்திரநாத் மொஹந்தி. கோட்டிங்கன் சென்று 1954-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கல்கத்தாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் பேராசிரியராக இருந்தார். ஹுஸ்ஸர்லின் அர்த்தக் கொள்கையைப்பற்றி 1964-ல் அவர் எழுதிய நூல் மேல்நாட்டுக்காரர்களே படித்துத் தெளிந்த நூல். 1966-ல் நவ்ய நியாயத்தின் கங்கேசர் உண்மையைப்பற்றிச் செய்த விசாரத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மோட்சத்தைப்பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் அறிவு என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக அறுக்கும் நூல் அது. அறிவுக்காகவே அறிவு இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்? மொஹந்தி 2023-ல் காலமானார். நம் பத்திரிகைகளில் அதற்கு இரண்டு அங்குலம்கூட இடம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஹுஸ்ஸர்ல் 1938 ஏப்ரல் 27-ஆம் தேதி, 79-ஆவது வயதில் காலமானார். பேனாக்கத்தியைத் தீட்டிய கை வைத்துவிட்டுப் போனது சுமார் 40,000 பக்கக் கையெழுத்துப் பிரதி. வாழ்நாளில் அச்சானவை சில புத்தகங்களே. மீதி எல்லாம் இந்தக் காகிதங்களில். அத்தனையும் சுருக்கெழுத்து! காபெல்ஸ்பெர்கர் முறை என்று ஜெர்மனியில் அன்று வழங்கிய ஷார்ட்ஹேண்ட்.

ஷார்ட்ஹேண்ட் என்றால் என்ன என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம்மில் எத்தனை குடும்பங்கள் டைப்ரைட்டிங் ஹையர், பிட்மன் ஷார்ட்ஹேண்ட் என்ற இரண்டு சர்டிபிகேட்டோடு கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் ஏறி தில்லிக்கும், மெயில் ஏறி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தவை! நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மூத்த ஸ்டெனோ ஒருவர் திடீரென்று காலமானார். மேலதிகாரி சொல்லி அவர் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று அரைகுறையாக நின்றது. இன்னும் நாலு ஸ்டெனோக்கள் இருந்தார்கள், எல்லோரும் பிட்மன் படித்தவர்கள். பாதி வரிகூட அவர்களால் படிக்க முடியவில்லை. ஒவ்வொருவர் கையும் நாளடைவில் தனிப் பாஷை ஆகிவிடும். இங்கே நாற்பதாயிரம் பக்கம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவரிடம் உதவியாளராக இருந்த ஃபிங்க், லாண்ட்கிரேபே போன்ற மிகச் சிலர். அந்தக் காகிதங்கள் நாஜிகள் கையில் கிடைத்தால் ஒரு தீக்குச்சி போதும்.

அந்த ஆகஸ்ட் மாதம் பெல்ஜியத்திலிருந்து ஒரு இளம் பாதிரியார் ஃப்ரைபர்க் வந்து ஹுஸ்ஸர்லின் மனைவி மால்வீனைச் சந்தித்தார். பெயர் வான் ப்ரேடா, ஃப்ரான்சிஸ்கன் சபைத் துறவி, வயது 27. லூவன் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், தன் ஆராய்ச்சிக்குச் சில பிரதிகள் பார்க்க வந்தார். காகிதக் கட்டுகளைப் பார்த்ததும் ஆராய்ச்சியை மறந்து, இவற்றை எப்படி எல்லை தாண்டிக் கொண்டுபோவது என்ற யோசனையில் இறங்கிவிட்டார். யூத விதவை ஒருவருக்கு உதவுவது அந்நாளில் என்ன ஆபத்து என்று சொல்லவேண்டியதில்லை. செக்கோஸ்லோவாகியா விவகாரத்தில் இன்றோ நாளையோ யுத்தம் என்றிருந்த செப்டம்பர் அது.

முதலில் ஒரு கன்னிகாஸ்திரீ பிரதிகளைப் பெட்டிகளில் வைத்து ஸ்விஸ் எல்லையில் உள்ள கான்ஸ்டன்ஸ் ஊருக்கு எடுத்துப்போனார். அங்கிருந்து மெள்ள மெள்ளக் கடத்தலாம் என்று திட்டம். அது நடக்காது என்று தெரிந்தது. பிறகு வான் ப்ரேடா மூன்று கனத்த பெட்டிகளோடு ரயில் ஏறி நேரே பெர்லினுக்கே போனார். சிங்கத்தின் குகைக்குள் போய்ப் பொருளைப் பாதுகாப்பாக வைக்கிற யோசனை. பெர்லினில் பெல்ஜியத் தூதரகம் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டது. தூதரகப் பைகளை எந்த நாட்டுச் சுங்க அதிகாரியும் திறக்க முடியாது என்பது சர்வதேச விதி. அதற்கு பெல்ஜிய அரசின் அனுமதி வேண்டும். காத்திருந்து வாங்கினார்கள். யூதர்களின் கடைகளையும் கோவில்களையும் அடித்து நொறுக்கிய அந்த நவம்பர் இரவு கடந்து சில வாரங்களுக்குள், நவம்பர் முடியுமுன், பெட்டிகள் லூவன் வந்து சேர்ந்தன. ஒரு அரசாங்க விதி நல்ல காரியத்துக்குப் பயன்பட்ட கதை என்பதாலும் எனக்கு இது பிடிக்கும்.

மால்வீன் 1939-ல் லூவன் வந்தார். அமெரிக்காவில் இருந்த பிள்ளைகளிடம் போவதாக உத்தேசம். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. பக்கத்தில் ஹெரென்ட் என்ற ஊரில் ஒரு கன்னியர் மடத்தில் வெளியே தெரியாமல் யுத்தம் முடியும்வரை இருந்தார். 1940 மே மாதம் ஜெர்மன் படை வந்தபோது லூவன் சர்வகலாசாலை நூலகம் எரிந்து லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. 1914-லும் அதே ஊர் நூலகத்தை ஜெர்மானியர் எரித்திருந்தார்கள். ஹுஸ்ஸர்லின் பிரதிகள் இரண்டாவது தீயில் சிக்கவில்லை. யுத்த காலத்தில் ஸ்ட்ராஸர் என்ற ஆஸ்திரிய அகதியும் அவர் மனைவியும் சுருக்கெழுத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் யூத வம்சத்தவர், ஒளிந்து வாழ்ந்தவர்கள். முதன்முதலில் அந்தப் பிரதிகளை ஒழுங்கு செய்த எடித் ஸ்டைன், கார்மல் மடத்தில் துறவியாகியிருந்தவர், 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

1939 ஏப்ரலில், பெட்டிகள் வந்து ஐந்து மாதத்துக்குள், பாரிஸிலிருந்து மெர்லோ-போன்டி என்ற இளைஞர் லூவனுக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார். 1945-ல் அவர் எழுதிய புலனறிவு பற்றிய நூல் உடம்பையே நடுவில் வைத்தது. அதில் பார்வையற்றவனின் கைத்தடி ஒரு உதாரணமாக வருகிறது. பழகப் பழகத் தடி என்ற பொருள் மறைந்து, அதன் நுனியில் அவனுக்கு உலகம் ஆரம்பிக்கிறது என்கிறார். முழங்கால் தேய்ந்து இரண்டு வருஷமாக நானும் தடி பிடிக்கிறேன். முதல் மாதம் தடிப்பிடிதான் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது தார் ரோடா, மண்ணா, ஈரமா என்பது உள்ளங்கையில் தெரிவதில்லை, கீழே நுனியில் தெரிகிறது. என் மனம் மண்டைக்குள் மட்டும் இருந்தால் இது எப்படி? விஞ்ஞானம் நரம்பைக் காட்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் நரம்பு பற்றிய பதிலில் ரோடு வருவதில்லை.

மால்வீன் 1946-ல் அமெரிக்கா போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி, 1950-ல் ஃப்ரைபர்கிலேயே காலமானார். அதே 1950-ல்தான் பிரதிகளிலிருந்து தொகுத்த நூல் வரிசையின் முதல் தொகுதி வந்தது. இதுவரை நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன.

இதையெல்லாம் மூன்று நாள் நடையில் தவணையாகச் சொன்னேன். பாங்க் மானேஜர் பாதியில் மார்க்கெட் பக்கம் திரும்பிவிட்டார். பாலக்காட்டு நண்பர் மட்டும் கடைசிவரை கேட்டார். சுவரின் நிறத்தை அவர் மறந்தேபோனார். அவர் கேட்டது வேறு: "அந்த ஷார்ட்ஹேண்டைப் படிக்கறதுக்கு இப்போ யாராவது இருக்காளா?"

லூவனில் இருக்கிறார்கள், கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்று சொன்னேன். தன் தகப்பனாரின் பிட்மன் நோட்டுகள் நாலைந்து பரண் மேல் டிரங்குப் பெட்டியில் இருப்பதாகச் சொன்னார். 1944-ல் தில்லியில் எழுதியவையாம். என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.